போலோ ஜிடி டிஎஸ்ஐ: ரோட்டுக்கும் டிராக்குக்கும் சேர்த்து எந்த அளவு ரிம்?

பூந்தமல்லி_டிஎஸ்ஐ:

வணக்கம். வண்டி 2014 போலோ ஜிடி டிஎஸ்ஐ. 1.2 லிட்டர், 105 பி.எஸ்., ஏழு கியர் டிஎஸ்ஜி (ஆட்டோமேட்டிக்). கம்பெனி ரிம் 15 அங்குலம், 6ஜே (அகலம் 6 அங்குலம்), இ.டி. 40 (ஹப்பில் பொருந்தும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து 40 மி.மீ. வெளியே; இந்த எண் குறைந்தால் சக்கரம் வெளியே தள்ளும்). டயர் 185/60 ஆர்15 (அகலம் 185 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 60 சதவீதம், ரிம் 15 அங்குலம்). சஸ்பென்ஷனில் இன்னும் கை வைக்கவில்லை. வார நாட்களில் சென்னை–ஸ்ரீபெரும்புதூர் ஓட்டம். டிராக் டே (சொந்த வண்டியைப் பந்தயப் பாதையில் ஓட்டும் நாள்) நடக்கும்போது இதே வண்டிதான் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப் பாதைக்கும் போகிறது. டயர் முடியும் நிலையில் இருப்பதால் ரிம்மையும் சேர்த்து மாற்றிவிடலாம் என்று எண்ணம்.

கடையில் 17 அங்குலம், 7.5ஜே, இ.டி. 35, அதில் 205/40 ஆர்17 போடச் சொல்கிறார்கள். மொத்த விட்டம் பழையதை ஒட்டியே வருவதால் அப்படியே உட்காரும் என்கிறார்கள். ஸ்டீயரிங் கூர்மையாக வேண்டும், டிராக்கில் முன் டயர் சீக்கிரம் சூடேறி வழுக்கக்கூடாது, தினசரிக் குழிகளில் ரிம் வளையவும் கூடாது. ஒரே செட்டில் இது மூன்றும் நடக்குமா? 15-லேயே இருப்பதா, 16-ஆ, 17-ஆ?

ஸ்லிப்_ஆங்கிள்:

கடைக்காரர் விட்டத்தை மட்டும் பார்த்துச் சொல்லியிருக்கிறார். இந்த வண்டிக்கு விட்டத்தைக் கடைசியில் முடிவு செய்தால் போதும். முதலில் எந்த டயர் என்று முடிவு செய்யுங்கள். அடுத்து அந்த டயர் கேட்கும் ரிம் அகலம், அதற்கடுத்து இ.டி. பிரேக் காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்வும் பாகம்) தட்டாமல் உட்காரும் மிகச் சிறிய விட்டம் எதுவோ, அதுதான் உங்களுக்கான ரிம்.

205/40 ஆர்17-இன் விட்டம் 596 மி.மீ., உங்கள் 185/60 ஆர்15-இன் விட்டம் 603. அந்தக் கணக்கு சரிதான். ஆனால் பக்கச்சுவர் உயரம் 111 மி.மீ.-இலிருந்து 82-க்கு இறங்குகிறது. ஸ்ரீபெரும்புதூர் சாலையில் லாரிகள் கிளப்பிவிட்ட தார் விளிம்பில் 80 கி.மீ. வேகத்தில் ஏறினால், அந்த 29 மி.மீ. வித்தியாசத்தில்தான் ரிம் பிழைப்பதும் வளைவதும். டயரில் புடைப்பு வருவதும் இதே காரணத்தால்தான்: ரிம் விளிம்புக்கும் கல்லுக்கும் நடுவே பக்கச்சுவர் நசுங்கி உள்ளே நூல் அறுந்துபோகிறது. புடைத்த டயரை டிராக்குக்குக் கொண்டுபோகவே கூடாது.

அடுத்தது இ.டி. கணக்கு. 6ஜே-யிலிருந்து 7.5ஜே போனால் ரிம் 38 மி.மீ. அகலமாகிறது, அதாவது பக்கத்துக்கு 19. இ.டி. 40-லிருந்து 35 ஆகும்போது மொத்த ரிம்மும் 5 மி.மீ. வெளியே தள்ளப்படுகிறது. வெளிப்பக்கம் 24 மி.மீ. கூடுகிறது, உள்பக்கம் 14. பின்சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்து ஸ்பீட் பிரேக்கரில் இறங்கினால் பின் ஃபெண்டர் மடிப்பு டயரைச் சுரண்டும். பின்னால் இருப்பது டுவிஸ்ட் பீம் (இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே உத்தரம்) என்பதால், சக்கரம் மேலே ஏறும்போது தலை உள்ளே சாய்ந்து விலகாது, நேராகவே ஏறும். ஐரோப்பாவில் இதே 6ஆர் தலைமுறை போலோவுக்கு ஃபோக்ஸ்வாகனே கொடுத்த 7ஜே ரிம்களின் இ.டி. 46. அதில் 215/45 ஆர்16 அல்லது 215/40 ஆர்17 டயர். கம்பெனி ஏன் 46-க்குப் போனது என்பதைக் கடைக்காரர் யோசித்திருக்க வேண்டும்.

இ.டி. மிகவும் குறைந்தால் தட்டுவது மட்டும் பிரச்சினை இல்லை. ஸ்டீயரிங் அச்சு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயரின் நடுக்கோட்டுக்கும் உள்ள தூரம் மாறிவிடும். ஃபோக்ஸ்வாகன் அதை வேண்டுமென்றே நெகட்டிவாக, அதாவது அந்தப் புள்ளி நடுக்கோட்டுக்கு வெளியே விழும்படி வைத்திருக்கிறது. ஒரு பக்கச் சக்கரம் மணலிலும் மறுபக்கம் தாரிலும் இருக்கும்போது பிரேக் அடித்தால், வண்டி தானே நேராக நிற்க உதவும் ஏற்பாடு அது. 10 மி.மீ.-க்கு மேல் வெளியே தள்ளினால் அந்த உதவி கரையத் தொடங்கும். ரோட்டின் டயர் பள்ளங்கள் ஸ்டீயரிங்கை இழுக்கும், முழு த்ராட்டிலில் கையை உதறும்.

டிராக்கில் முன் டயர் வழுக்குவதற்கு ரிம் விட்டம் காரணமில்லை. 185 டயர் 6ஜே ரிம்மில் வளைவில் உருண்டு வெளித்தோளில் நிற்கிறது. அந்தத் தோள்தான் சூடேறிக் கரைகிறது. சரியான மருந்து அகலமான ரிம். பக்கச்சுவர் நிமிர்ந்து நிற்கும், தரை தொடும் பரப்பு குறுக்கே பரவும். ஸ்டீயரிங் கூர்மையும் பெரும்பாலும் இதிலிருந்தே வரும்.

என் தேர்வு: 15 அங்குலம், 7ஜே, இ.டி. 38. உள்பக்கம் 11 மி.மீ., வெளிப்பக்கம் 15 மி.மீ. கூடும். இதில் 195/55 ஆர்15 போட்டால் விட்டம் 595.5, அதாவது 1.2 சதவீதம் சிறியது. 205/50 ஆர்15 போட்டால் 586, 2.8 சதவீதம் சிறியது. டிராக்கில் இது நல்லதுதான், ஒவ்வொரு கியரும் அந்த அளவு குட்டையாகும், 175 நியூட்டன் மீட்டர் இன்ஜினுக்கு அது பயன்படும். ஆனால் தரை இடைவெளி 8.5 மி.மீ. குறையும். உங்கள் தெருவில் ஸ்பீட் பிரேக்கர் எப்படி என்று பார்த்து முடிவெடுங்கள்.

எடையும் இருக்கிறது. டயர் சுற்றளவில் கூடும் ஒவ்வொரு கிலோவும், வண்டியை முடுக்கும்போது ஏறத்தாழ இரண்டு கிலோ ஏற்றியதற்குச் சமம். 17 ரிம்மில் உலோகம் வெளிவட்டத்துக்குத் தள்ளிப்போகிறது. 105 பி.எஸ். வண்டியில் இதை ஒளிக்க முடியாது, மூன்றாம் கியரில் வெளியேறும் எந்த வளைவிலும் தெரியும்.

சி2_வளைவு:

மேலே சொன்ன கணக்கு எல்லாம் சரி. ஆனால் ஒரே செட் என்றால் நான் 15-க்குப் போகமாட்டேன். காரணம் டயர் கிடைப்பது. 2020 ஜூனில் வெளிநாட்டு டயர் இறக்குமதியை மத்திய அரசு கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்த பிறகு, ஓரங்கட்டப்பட்ட அளவுகளில் நல்ல டயர் தேடுவது பெரும்பாடு. 205/50 ஆர்15 விலைப்பட்டியலில் தெரியும், ஆர்டர் கொடுத்தால் வராது. இரண்டு டயர் வந்து இரண்டு வராமல் நின்றால் இன்னும் மோசம். ஒரு டயர் கிழிந்தால் அதே மாடல் இன்னொன்று உடனே கிடைக்க வேண்டும், இஎஸ்பி (வண்டி சறுக்காமல் காக்கும் மின்னணு அமைப்பு) உள்ள வண்டியில் நான்கும் ஒரே சுற்றளவில் இருக்க வேண்டும்.

195/55 ஆர்16-க்கு அந்தத் தொல்லை இல்லை. ஐ20, பலேனோ இரண்டும் ஓடும் அளவு அது, ஊருக்கு ஊர் கிடைக்கும். போலோ ஜிடி-க்கே பின்னாளில் ஃபோக்ஸ்வாகன் இந்த அளவைத்தான் கொடுத்தது. பக்கச்சுவர் 107 மி.மீ., உங்கள் இப்போதைய டயருக்கு 4 மி.மீ.தான் குறைவு. குழிக்குத் தாங்கும். குறை ஒன்று: விட்டம் 621, அதாவது 3 சதவீதம் பெரிது. கியர் நீளும், வண்டி 9 மி.மீ. உயரும். ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் கூட்டிக் காட்டும் பழக்கமுள்ளது, அந்தக் கூடுதல் இங்கே கரைந்துவிடும். 205/55 ஆர்16 வேண்டாம். விர்டஸ், ஸ்லாவியாவால் அது எங்கும் கிடைக்கிறது என்றாலும் விட்டம் 632, முன் லைனரில் (ஃபெண்டருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் உறை) உரசும்.

ரிம் 16 அங்குலம், 7ஜே, இ.டி. 40 முதல் 42. 195/55-க்கு அனுமதித்த ரிம் அகலம் 5.5 முதல் 7 வரை, ஆகவே 7ஜே மேல் எல்லை. 7.5 போடாதீர்கள். மேல் எல்லையில் உட்கார்ந்தால் பக்கச்சுவர் இழுபட்டு விறைப்பாக நிற்கும், டிராக்குக்கு அதுதான் வேண்டும். ஆனால் ரிம் விளிம்பைக் காக்கும் ரப்பர் உதடு குறையும், பார்க்கிங்கில் நடைபாதைக் கல்லில் ஒட்டி நிறுத்தும்போது கவனம். 205/50 ஆர்16 நல்ல கையிருப்பில் கிடைத்தால் அது இன்னும் பொருத்தம்: விட்டம் 611, 1.4 சதவீதம்தான் கூடுதல், ரிம் அகலம் 7.5 வரை ஏற்கும்.

லோடு இண்டெக்ஸையும் (டயர் தாங்கும் எடையின் குறியீடு) பாருங்கள். உங்கள் 185/60 ஆர்15 டயரில் 84 என்று இருக்கும், ஒரு டயருக்கு 500 கிலோ. அதற்குக் கீழே போகவே கூடாது. 195/55 ஆர்16-இல் வழக்கமாக 87, அதாவது 545 கிலோ.

இரண்டு செட் வாங்கத் தயார் என்றால் என் பதில் வேறு. ரோட்டுக்கு இப்போதுள்ள 6ஜே ரிம்மில் நல்ல 185/60 ஆர்15 டூரிங் டயர், டிராக்குக்கு 15×7 ரிம்மில் ட்ரெட்வேர் 200 வகை (சீக்கிரம் தேயும், பிடிப்பு அதிகமுள்ள) டயர். செலவு அதிகமாகத் தெரியும், ஆனால் டிராக் டயர் ரோட்டில் தேயாது. வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் தேங்கிய பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஆழமற்ற பள்ளங்கள் கொண்ட டிராக் டயரில் ஓட்டுவது ஆபத்து. தண்ணீரைப் பிளந்து வெளியேற்ற அதில் வழி இல்லை, 70 கி.மீ. வேகத்திலேயே மிதக்கத் தொடங்கிவிடும்.

டார்க்_120:

அளவு பத்தி மேல இருக்கற ரெண்டு பேரும் சொல்லிட்டாங்க. ரிம் வாங்கி மாட்டறப்போ என்ன கெடும்னு சொல்றேன். இங்கதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க.

இந்த வண்டிக்கு பிசிடி 5×100 (அஞ்சு போல்ட், 100 மி.மீ. வட்டத்துல), நடு ஓட்டை 57.1 மி.மீ. நம்ம ஊர்ல அதிகம் விக்கறது 4×100-உம் 5×114.3-உம். "எல்லாத்துக்கும் சேரும்"னு பத்து ஓட்டை போட்ட ரிம்மை வாங்காதீங்க, ஓட்டைக்கு நடுவுல உலோகம் மெலிஞ்சிருக்கும். ஓட்டையை அடைச்சு மறுபடி துளை போட்ட ரிம் டிராக் பக்கமே வரக்கூடாது.

நடு ஓட்டை பெரிசா இருந்தா அந்த இடைவெளியை அடைக்க ஹப் ரிங் போடணும். அலுமினிய ரிங் மட்டும் போடுங்க. பிளாஸ்டிக் ரிங் டிராக்ல பிரேக் சூட்டுக்கு இளகிடும், அப்புறம் 100 தாண்டினா ஸ்டீயரிங் நடுங்கும். பாலன்சிங் கடைக்கு எத்தனை தடவை போனாலும் சரியாகாது.

அடுத்து போல்ட். ஃபோக்ஸ்வாகனுக்கு நட் கிடையாது, எம்14×1.5 போல்ட். கம்பெனி ரிம் பால் சீட், அதாவது போல்ட் தலைக்கு அடியில உருண்டையா இருக்கும். வெளி ரிம் முக்கால்வாசி 60 டிகிரி கோன் சீட். உருண்டை போல்ட்டைக் கோன் சீட்ல போட்டா ஒரு கோட்டுலதான் தொடும், பரப்பா உட்காராது. கடையில டார்க் ரெஞ்ச் சரியாத்தான் காட்டும். வண்டி சூடாகி ஆறினதும் தளர்ந்து நிக்கும். ரிம்முக்கு எந்த சீட்டோ அதே சீட் போல்ட் இருபது வாங்கணும்.

போல்ட் நீளம்: திருகு குறைஞ்சது 9, 10 சுத்து ஏறணும். குறைஞ்சா ஹப் மரை அறுந்துடும். நீளமாப் போனாலும் ஆபத்து. பின்னாடி டிரம் பிரேக், அதிக நீளம் உள்ள போல்ட்டோட நுனி ஹப்பைத் தாண்டி உள்ள போய் ஷூ, ஸ்பிரிங்ல இடிக்கும். மாட்டினதும் பின் சக்கரத்தை ஜாக்கியில தூக்கி, ஹேண்ட் பிரேக்கை விட்டு, கையால முழுசா ரெண்டு சுத்து சுத்துங்க. டக் டக்னு சத்தம் வந்தா அங்கேயே நிறுத்திக் கழட்டுங்க.

போல்ட்டை இறுக்கற டார்க் 120 நியூட்டன் மீட்டர். நட்சத்திர வரிசையில, ரெண்டு தவணையா: முதல்ல 60, அப்புறம் 120. ஏர் கன்னால முடிச்சுட்டு ரெஞ்ச்சை வெச்சு "கிளிக்" கேட்டா அது சோதனை இல்ல, ஏற்கெனவே 200 ஏறியிருந்தாலும் அதே கிளிக்தான் கேக்கும். மரையில எண்ணெய், கிரீஸ் தடவாதீங்க, அதே 120-ல போல்ட் அளவுக்கு மீறி இழுபடும். புது ரிம் மாட்டி 50 முதல் 100 கி.மீ. ஓடினதும் மறுபடி பாருங்க.

ஸ்டெப்னி! டிக்கியில கிடக்கிறது பழைய பால் சீட் ரிம். நீங்க கோன் போல்ட்டுக்கு மாறிட்டா ராத்திரி பஞ்சர் ஆகி ஸ்டெப்னி மாட்டறப்போ அது சரியா உட்காராது. பழைய போல்ட் அஞ்சு எடுத்துத் துணியில சுத்தி டிக்கியில போட்டு வைங்க. புது டயர் 195/55 ஆர்16-னா ஸ்டெப்னி விட்டம் 18 மி.மீ. குறைவு. முன்னாடி மாட்டினா டிஃபரன்ஷியல் ஓயாம வேலை செய்யும். அதனால ஸ்டெப்னியைப் பின்னாடி மாட்டி, பின் சக்கரத்தை முன்னாடி கொண்டு வாங்க.

ரிம் தரம்: உள்பக்கம் ஜேடபிள்யூஎல், விஐஏ (ஜப்பான் ரிம் தரச் சான்று) முத்திரையும் ஒரு ரிம் தாங்கும் கிலோவும் அச்சுல இருக்கணும். முத்திரையைப் போலியாவும் அடிக்கறாங்க, அதனால பெயர் தெரிஞ்ச தயாரிப்பாளர், பில், பெட்டி மூணும் இருந்தா மட்டும் வாங்குங்க. பிரபல டிசைனோட காப்பி ரிம் எடை கம்மின்னு சொன்னா நம்பாதீங்க, கையில தராசு கொண்டு போங்க. சாதா வார்ப்பு 16×7 ஒன்பது, பத்து கிலோ வரும். ஃப்ளோ ஃபார்ம் (வார்த்த ரிம்மோட உருளையைச் சூட்டுல உருட்டி நீட்டினது) ஏழு, எட்டு கிலோ. குழி ரோட்டுக்கும் டிராக்குக்கும் சேர்த்துன்னா ஃப்ளோ ஃபார்ம்தான் காசுக்கு நியாயம்.

பூந்தமல்லி_டிஎஸ்ஐ:

மூவருக்கும் நன்றி. 17 வேண்டாம் என்பது தெளிவாகிவிட்டது. இரண்டு செட் வழியே சரி என்று படுகிறது: ரோட்டுக்குப் பழைய ரிம், டிராக்குக்கு 15×7 இ.டி. 38. இரண்டு சந்தேகம். ஒன்று, பிற்பாடு முன் பிரேக்கை 288 மி.மீ. டிஸ்க்குக்கு மாற்றும் திட்டம் இருக்கிறது, அப்போது 15 ரிம் உள்ளே போகுமா? இரண்டு, காசு கொடுக்கும் முன்னால் இடைவெளியை எப்படி அளப்பது?

ஸ்லிப்_ஆங்கிள்:

288 டிஸ்க் பல 15 ரிம்களுக்குள் போகும், 312-க்கு 16 கட்டாயம். ஆனால் "பல" என்பதை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். தட்டுவது டிஸ்க் அல்ல, காலிப்பர். இரண்டு இடத்தில் தட்டும்: காலிப்பரின் மேல் முதுகு ரிம் உருளையின் உட்சுவரில், காலிப்பரின் வெளி முகம் ஸ்போக்கின் பின்புறத்தில். இரண்டாவதை இ.டி. மட்டும் தீர்மானிப்பதில்லை, ஸ்போக் எப்படி வளைந்து வருகிறது என்பதும் சேர்ந்தது. ஒரே 15×7 இ.டி. 38-இல் ஒரு டிசைன் உட்காரும், இன்னொன்று உட்காராது. பிரேக் கிட் விற்பவரிடம் காலிப்பரின் அசல் அளவிலான வரைபடம் கேளுங்கள். தடித்த அட்டையில் வெட்டி ரிம்முக்குள் வைத்துச் சுற்றிப் பாருங்கள். இரு இடத்திலும் குறைந்தது 3 மி.மீ. இருக்க வேண்டும். உள்ளே ஒட்டும் பாலன்ஸ் எடை உட்கார்ந்த பிறகும் அந்த 3 மி.மீ. மிச்சம் வேண்டும். இதைப் புது பேடுடன் அளக்கவும். மிதக்கும் காலிப்பர் பேடு தேயத் தேய உள்பக்கம் நகரும், ஆகவே புது பேடில்தான் ஸ்போக்குக்கு மிக நெருக்கமாக நிற்கும்.

டயர் இடைவெளிக்கு: முன் சக்கரத்தைக் கழற்றாமலே, டயரின் உட்சுவருக்கும் ஸ்ட்ரட் (ஷாக் அப்சார்பர்) குழாய்க்கும் நடுவே இப்போது எத்தனை மி.மீ. என்று அளந்து கொள்ளுங்கள். ரிம் உள்பக்கம் 11 மி.மீ. வருகிறது. டயர் அகலமும் அதன் பங்கைச் சேர்க்கும். ரிம் அரை அங்குலம் அகலமானால் டயர் மொத்தத்தில் 5 மி.மீ. அகலமாகும் என்பது பொது விதி. கழித்த பிறகு 5 மி.மீ.-க்குக் குறையாமல் மிஞ்ச வேண்டும். நாளைக்குக் காயில்ஓவர் (உயரம் மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் செட்) போட்டால் இந்த அளவு செல்லாது. கீழ் ஸ்பிரிங் தட்டு டயர் உயரத்துக்கு இறங்கிவிடும், மறுபடி அளக்க வேண்டும்.

ஃபெண்டருக்கு, கடையில் ஒரு முன் ரிம்மும் ஒரு பின் ரிம்மும் டயரோடு மாட்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். குறுக்காக எதிரெதிர்ச் சக்கரங்களுக்கு அடியில் 12, 15 செ.மீ. உயரக் கட்டை வைத்து வண்டியை ஏற்றுங்கள். ஃபெண்டர் மடிப்பிலும் லைனரிலும் பொம்மைக் களிமண் உருண்டைகள் ஒட்டி, ஸ்டீயரிங்கை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் திருப்புங்கள். அப்படியே பின்சீட்டில் ஆள் ஏற்றி மெதுவாக ஓட்டுங்கள். நசுங்கிய களிமண்ணின் தடிமன்தான் உங்கள் மிச்ச இடைவெளி. பின்னால் 6, 7 மி.மீ. தேவை, டிராக்கில் டயர் பக்கவாட்டில் நெளியும்.

சி2_வளைவு:

டிராக் செட் வந்ததும் காற்றழுத்தத்தைச் சரி செய்யாமல் அதன் பலன் கிடைக்காது. கதவுத் தூணில் எழுதிய அழுத்தம் ரோட்டுக்கானது. டிராக்கில் 15 நிமிட ஓட்டத்தில் முன் டயர் சுமார் 6 முதல் 8 பி.எஸ்.ஐ. ஏறும். சூட்டில் 34 முதல் 36-க்குள் நிற்கும்படி, குளிரில் 27 அல்லது 28-இல் தொடங்குங்கள். பின்னால் குளிரில் 2 பி.எஸ்.ஐ. கூடுதல், வால் கொஞ்சம் சுழன்று முன் டயரின் வேலையைக் குறைக்கும். பிட்டுக்குள் வந்த உடனே அளக்கவும். ஐந்து நிமிடம் கழித்து அளந்தால் அந்த எண் எதற்கும் உதவாது. டயரின் வெளித்தோளில் சாக்பீஸ் கோடு போட்டு ஓட்டுங்கள். கோடு எதுவரை அழிகிறதோ அதுவரை டயர் உருள்கிறது. பக்கச்சுவருக்குள் அழிந்தால் 2 பி.எஸ்.ஐ. ஏற்றவும்.

கேம்பர் (சக்கரத்தின் உள்-வெளிச் சாய்வு) மாற்றும் போல்ட் விற்க வந்தால் வாங்காதீர்கள். போலோவில் ஸ்ட்ரட் நக்கிளுக்குள் (சக்கர ஹப்பைத் தாங்கும் பாகம்) செருகி இறுக்கப்படும் வகை, போல்ட்டால் சாய்க்க இடமே இல்லை. சாய்வு வேண்டுமென்றால் மேல் மவுண்டில் கேம்பர் பிளேட்தான். மைனஸ் 2 டிகிரி வரை ரோட்டுக்கும் சமாளிக்கலாம், டோவைப் (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பி நிற்கும் அளவு) பூச்சியத்துக்கு அருகே வைத்தால் உள்விளிம்பு தேய்வது குறையும். கேம்பர் பிளேட்டில் ஸ்ட்ரட்டும் டயரும் சேர்ந்தே சாயும், ஆகவே ஸ்லிப்_ஆங்கிள் சொன்ன ஸ்ட்ரட் அளவு மாறாது.

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ரிம், டயர் மாற்றத்தை எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். டிராக்கில் நேரும் சேதத்துக்கு சாதாரண பாலிசி பொதுவாகப் பணம் தராது.

டார்க்_120:

ஒட்டற பாலன்ஸ் எடை மேல அலுமினிய டேப் ஒட்டுங்க, டிராக் சூட்டுல பசை இளகி எடை கழண்டுடும். எடையை ஒட்டறதுக்கு முன்னாடி ரிம்மை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கணும். ஒவ்வொரு செஷன் முடிஞ்சதும் போல்ட்டைப் பாக்கணும், ஆனா ரிம் கையால தொடற சூட்டுக்கு ஆறட்டும், கொதிக்கறப்போ இறுக்கினா ஆறினதும் டார்க் மாறிடும். வண்டி ஆறற வரைக்கும் ஹேண்ட் பிரேக் இழுக்காதீங்க, கியரைப் பி-ல (பார்க்) போட்டு சக்கரத்துக்குக் கட்டை வைங்க.